நானே நிறுத்திய கம்பெனி பஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மாமியார் என்னை வேலைக்கு அனுப்பினார். செலவு ஜாஸ்தி, பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. “பஸ்ஸு நின்னா நீயும் நின்னுடு” என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

எல்லாம் மேனேஜர் வேலை என்று அவரைத் திட்டாத நாளில்லை. சரியான கல்நெஞ்சுக்காரர்! கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு டவுன் பஸ்ஸில் கொஞ்சம் லேட்டாக வந்தாலும் கேட்டில் நின்று, “ரூல் ரூல்தாம்மா, அரை நாள் கட்” என்பார்.

முடிவெடுக்கும் முன் பஸ் பிரச்சினையை ஒரு விளையாட்டாக ஆடிப் பார்க்கலாம் என்று கம்பெனியில் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மாவை வரவழைத்தார்கள். பஸ்ஸே போகப்போகிறது, இதில் விளையாட்டு ஒரு கேடா என்று எரிச்சலோடுதான் போனேன். கேன்டீன் தரையில் எங்கள் ஊர்கள், ரோடு, கம்பெனி எல்லாவற்றையும் அவர் சாக்பீஸால் வரைந்திருந்தார். ஆளுக்கொரு சீட்டு எடுத்தோம். எனக்கு மேனேஜர் வேஷம். மேனேஜருக்குத் தையல் பிரிவுத் தொழிலாளி! கேன்டீனே சிரித்தது.

என் கையில் கொஞ்சம் பட்டன் கொடுத்தார்கள். அதுதான் கம்பெனிப் பணம். அதற்குள் தோல், கூலி, பஸ் எல்லாம் சமாளித்து ஆர்டரை முடிக்க வேண்டும். பட்டன் பத்தவில்லை. தோலில் கை வைக்க முடியாது, கூலியிலும் முடியாது. யோசிக்கக்கூட இல்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டேன். நானேதான்!

பஸ் இல்லாததால் தொழிலாளிகள் பகடை உருட்டி டவுன் பஸ் பிடித்து வர வேண்டும். நிஜ மேனேஜருக்குப் பகடை ஒத்துழைக்கவே இல்லை. வழியில் இருக்கும் மாதனூர் கூட்ரோட்டைத் தாண்ட முடியாமல் சாக்பீஸ் கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “ரூல் ரூல்தான் சார், அரை நாள் கட்” என்றேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“பஸ்ஸு வரலன்னா நான் இன்னா பண்றது?”

லேட்டான நாளெல்லாம் கேட்டில் நாங்கள் அவரிடம் கெஞ்சும் அதே வார்த்தை. அது உறைத்ததும் முதலில் சிரித்தவர் அவர்தான். எனக்கோ சிரிப்பு வரவில்லை. பாதிப் பேர் வராததால் என் ஆர்டரும் படுத்துவிட்டது.

“இங்க தோத்தா யாருக்கும் வேலை போகாது. இன்னொரு தடவ ஆடுங்க” என்றார் பயிற்சியாளர். இந்த முறை நானும் மேனேஜரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டோம். “ஊருக்குள்ள வராம மெயின் ரோட்டோட போனா டீசல் கம்மி சார். நாங்க ரோட்டுக்கு நடந்து வந்துடறோம்” என்றேன். ஆடிப் பார்த்தோம். ஆட்களும் வந்து சேர்ந்தார்கள், ஆர்டரும் முடிந்தது.

அடுத்த மாதம் நிஜ பஸ்ஸும் அப்படியே ஓடியது. மாமியார் முணுமுணுத்தார்தான், ஆனால் முதல் நாள் மெயின் ரோடு வரை கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டார்.

அந்த பஸ்ஸில் ரொம்ப வருஷம் போய்வந்தேன். இன்றும் யாரையாவது கல்நெஞ்சுக்காரர் என்று திட்ட வாயெடுத்தால், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் என் பஸ்ஸை நானே நிறுத்தியது நினைவுக்கு வந்து வாய் தானாக மூடிக்கொள்கிறது.