எலெரி பியூவின் ஒருநாள் அனுபவம்

எலெரிக்கு ஓர் இடத்தில் அடங்கி உட்காரத் தெரியாது என்று அவள் அம்மா பிரெண்டா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அவளுக்கு வாய்த்ததென்னவோ உட்கார்ந்தே பிழைக்கிற வேலை. ஸ்வான்சீ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த டாக்சி கம்பெனியில், தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வண்டி வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குச் சமாதானம் சொல்கிற வேலை. காலடியில் குளிருக்கு ஒரு சின்ன ஹீட்டர். அதைக் கால் மாற்றிக் கால் மாற்றி உதைத்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பில் சேர்ந்து சட்டம் படித்து முடித்தாள். பட்டமளிப்பு விழாவில் பிரெண்டா அழுததில் பக்கத்து வரிசைக்காரர்கள் கைக்குட்டை கொடுத்தார்கள். ஆனால் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமே தவிர, அதை வைத்துக்கொண்டு வழக்கு எடுத்து நடத்துகிற சொலிசிட்டர் ஆகிவிட முடியாது. ஏதாவதொரு சட்ட அலுவலகம் இரண்டு வருடம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது.

எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். சட்டத் துறையில் என்ன வேலை அனுபவம்? எலெரிக்கு இருந்தது, படிக்கிற காலத்தில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வாரம் காகிதம் நகல் எடுத்ததும், ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும்தான். அதையே நாலு விதமாக எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் செடி செடியாகத்தான் இருந்தது. பதில் வரும்போது, "உங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது, எனினும்" என்று வரும். 'எனினும்' என்ற சொல்லைக் கண்டதுமே மீதியைப் படிக்காமல் கைபேசியைக் கவிழ்த்துவிடுவாள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து மறுபடி பார்ப்பாள்.

"என்ன வக்கீலம்மா, இன்னைக்கு யாரு வேணாம்னு சொன்னது?" என்பான் அண்ணன் கெத்தின். சாரம் கட்டுகிற வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கோடு தங்கையையும் சேர்த்து மெல்வான்.

"வாய மூடுடா. நீ சாரத்துலேந்து விழுந்தா கேஸ் போட எங்கிட்டத்தான் வரணும்."

"அதுக்குள்ள நீ சொலிசிட்டர் ஆயிடணுமே. நான் இன்னும் கொஞ்ச வருஷம் ஜாக்கிரதையா ஏறி இறங்குறேன், போ."

பிரெண்டா கரண்டியைத் தட்டினாள். "ரெண்டு பேரும் தின்னுங்க. எலெரி, கால ஆட்டாதடி, மேசையே நடுங்குது."

மார்ச் மாதம் ஒரே வாரத்தில் மூன்று 'எனினும்' வந்தது. அதற்குமேல் எலெரியால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. விடுப்பு நாளன்று தன் விவரத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர்களில் சட்ட அலுவலகப் பலகை தொங்கிய படியெல்லாம் ஏறினாள். இந்தக் காலத்தில் அப்படி யாரும் வேலை கேட்பதில்லை. ஓரிடத்தில் அவளைத் தபால் கொடுக்க வந்தவள் என்று நினைத்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்கள்.

நீத் ஊரில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே மார்வென் பெய்னனின் அலுவலகம். ஐம்பது தாண்டிய பெண்மணி. ஒரு தோளில் கோட்டும் மறு தோளில் தொலைபேசியுமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பயிற்சி இடம் இருக்கானு கேக்க வந்தேன் மேடம்."

"இல்லம்மா. எனக்கே இங்க இடம் இல்ல." போனை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேகமா எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"நாளைக்கு ஸ்வான்சீ கோர்ட்ல எனக்கு ஒரு வீட்டு கேஸ். நான் கார்மார்தன்ல இன்னொரு கேஸ்ல மாட்டிக்கிட்டேன். வாதாடறதுக்கு பாரிஸ்டர் கார்டிஃப்லேந்து வரார். அவர் பின்னாடி உக்காந்து, நடக்கறத எல்லாம் எழுதணும். வாயத் திறக்கக் கூடாது. முடியுமா?"

முடியும் என்று கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கோர்ட்டுக் கூடத்தில் கட்சிக்காரர் காத்திருந்தார். டெர்வின் க்ராக்கர். மீன்பிடிக் கப்பலில் காலம் கழித்த, கதவளவு ஆள். அவர் வளர்க்கும் இரண்டு வேட்டை நாய்களைச் சாக்காக வைத்து, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். யாருக்காகவோ வாங்கின சட்டை கழுத்தை இறுக்க, அவர் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். எலெரிக்குத் தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது.

"நீங்கதான் வக்கீலா?"

"இல்லைங்க. எழுத வந்தவ."

"அப்ப வக்கீல் எங்க?"

அப்போதுதான் பாரிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. ரயில் பிரிட்ஜெண்ட் தாண்டி நின்றுவிட்டது, எப்போது கிளம்பும் என்று யாரும் சொல்லவில்லை. மார்வெனைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. கருப்பு அங்கி போட்ட டவாலி க்ராக்கரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அவர்கள் வக்கீல் வராவிட்டால் அது எங்கள் தவறல்ல, விசாரணையை நடத்தலாம் என்றார். எலெரியின் கால் மேசைக்கடியில் தாளம் போட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது காதில் ஒலித்தது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"நீங்கள் யார்?" என்றார் நீதிபதி.

"யாருமில்லை மேடம். சொலிசிட்டருக்காக இன்று ஒருநாள் குறிப்பெடுக்க வந்தவள்."

"அப்படியானால் இங்கே நீங்கள் வாதாட முடியாது."

"வாதாடவில்லை மேடம். எங்கள் பாரிஸ்டர் நிற்கிற ரயிலில் இருக்கிறார். அதை மட்டும் சொல்ல நினைத்தேன்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எப்போது வருவார்?"

டாக்சி கம்பெனியில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடும். வண்டி வேறு ஊரில் இருந்தாலும் அதுதான் பதில். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாது மேடம்."

நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டு, வழக்கை அன்றைய காலைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார். எதிர்த்தரப்புக்காரர் பேனாவை மேசையில் போட்டார்.

வெளியே வந்ததும் க்ராக்கர் வாசலை நோக்கி நடந்தார். "போறேன்மா. இது நமக்குச் சரிப்படாது. எனக்கு மூச்சு முட்டுது."

"எங்க போறீங்க?"

"பஸ்ஸுக்கு."

எலெரியும் கூடவே நடந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் கோர்ட்டைச் சுற்றி ஒரு வட்டம், இன்னொரு வட்டம் என்று நடந்தார்கள். நாய்களின் பெயர் பென்னி, டோஸ்ட் என்று அவர் சொன்னார். டோஸ்ட்டுக்கு இடி என்றால் பயம், குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்றார். பஸ் நிறுத்தம் வந்ததும் நின்றார்.

"உண்மைய சொல்லு. அந்தாளு வருவானா?"

"எனக்குத் தெரியலைங்க. ஆனா நீங்க பஸ் ஏறிட்டா, அவங்க சொல்றதை மட்டும் கேட்டுத்தான் அந்தம்மா முடிவு பண்ணுவாங்க. உங்கள நிறுத்த என்னால முடியாது. நான் உள்ள போறேன், எனக்கு எழுதற வேலை இருக்கு."

திரும்பி நடந்தாள். அவர் பின்னால் வருகிறாரா என்று பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. கோர்ட்டு வாசலில் கதவைத் திறக்கப் போனபோது, தலைக்கு மேலாக ஒரு பெரிய கை நீண்டு கதவைத் தள்ளியது.

பாரிஸ்டர் நனைந்து, மூச்சிரைக்க, கடைசி வழக்கின் முறை வருவதற்குள் வந்து சேர்ந்தார். நாய்களைப் பொதுப் படிக்கட்டில் அவிழ்த்துவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு, க்ராக்கர் வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிந்தது. க்ராக்கர் எலெரியின் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அன்று முழுவதும் அவள் விரல் வலித்தது.

குறிப்பைப் படித்த மார்வென் சிரித்தார். "தும்மினதைக்கூட எழுதியிருக்கீங்களே! வாயத் திறக்காதீங்கன்னு சொன்னேன், திறந்துட்டீங்க. திறந்தும் பொய் சொல்லாம வந்துட்டீங்க. ஆனா பயிற்சி இடம் என்கிட்ட நெஜமாவே இல்லம்மா."

அடுத்த விண்ணப்பத்தில் எலெரி அந்த ஒருநாளை எழுதினாள். கார்டிஃபில் ஒரு பெரிய அலுவலகம் நேர்காணலுக்கு அழைத்தது. கண்ணாடிச் சுவர், கண்ணாடி மேசை. ஆட்டுகிற கால் எல்லாருக்கும் தெரியும்.

"ஒருநாள் அனுபவமா?" என்றார் நடுவில் இருந்தவர், சற்று வேடிக்கையாக.

"ஒருநாள்தான் கிடைத்தது" என்றாள்.

அங்கேயிருந்தும் 'எனினும்' வந்தது. அன்று கெத்தின் கிண்டல் செய்யவில்லை. தன் தட்டிலிருந்து நல்ல உருளைக்கிழங்கை எடுத்து அவள் தட்டில் போட்டான். அவளுக்கு அது கிண்டலைவிட எரிச்சலாக இருந்தது. "என்னடா, நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்திவிட்டு எழுந்து போய்க் கடற்கரையில் இருட்டும்வரை நடந்தாள். இதை விட்டுவிட்டால்தான் என்ன என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்த எண்ணத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மார்வென் மறுபடி கூப்பிட்டார். வியாழக்கிழமை ஒரு வழக்கு, வர முடியுமா? பிறகு செவ்வாயும் சேர்ந்தது. டாக்சி வேலையை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டாள். கட்சிக்காரர்களை உட்கார வைத்து நடந்ததைக் கேட்டு எழுதக் கற்றாள். அழுகிறவர்களுக்கு நடுவில் குறுக்கிடாமல் இருக்கக் கற்றதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் ஸ்வான்சீயிலேயே ஒரு சட்ட உதவி மையத்தில் ஒரே ஒரு பயிற்சி இடம் வந்தது. அங்கே நேர்காணல் கண்ட இருவரும் அந்த ஒருநாள் கோர்ட்டில் அவள் சொன்னதைவிட, சொல்லாமல் விட்டதைத்தான் கிளறிக் கிளறிக் கேட்டார்கள். வெளியே வரும்போது இடம் கிடைக்குமா என்று ஒன்றும் புரியவில்லை.

பதில் வந்தது ஒரு சனிக்கிழமை, ரக்பி ஆட்டம் முடிந்து ஊரே டாக்சி கேட்ட நேரத்தில். சனிக்கிழமையும் அந்த மையத்தில் வேலை செய்வார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கைபேசி துடித்துத் துடித்து நின்றது. அவள் காதிலோ ஒருவன் வண்டி கேட்டுப் பாடிக்கொண்டிருந்தான். ஹெட்செட்டைக் கழற்றித் தெருவுக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டாள். மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகப் பேசினாள். எலெரி 'எனினும்' எங்கே வரும் என்று காத்திருந்தாள். அது வரவேயில்லை.

"கேக்குதா? செப்டம்பர்ல சேர முடியுமானு கேட்டேன்."

"கேக்குது. முடியும். முடியும்ங்க."

முதல் நாள் நேரத்துக்கு வெகு முன்பே போய்விட்டாள். கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், கையில் கசங்கிய கவருடன், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?" என்றாள் அவள்.

"ஆமா" என்றாள் எலெரி. "இன்னும் கதவு திறக்கல. வாங்க, மழை படாம இப்படி ஓரமா நில்லுங்க."

சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் போய் நின்றாள்.