முதல் வாய்ச் சோற்றோடு ஒரு மாத்திரை

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டும் தங்கராஜ் அண்ணனுக்கு வெட்கம் என்ற ஒன்று இருப்பதே போன ஆடியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மூச்சுவிட இடமில்லாத வண்டியிலும் "இன்னும் ஒருத்தர் உக்காரலாமுங்க" என்று கூவுகிற மனிதர். பஜாரில் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகும் நான் தினமும் அவர் பக்கத்து சீட்டு.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பாட்டின் முதல் வாயோடு போட வேண்டும். சோற்றிலுள்ள மாவைக் குடல் உடைத்தால்தான் அது சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். அந்த வேலையை மாத்திரை மெதுவாக்கிவிடும். உடையாத மாவு பெருங்குடலில் இறங்கினால் அங்கிருக்கும் கிருமிகளுக்குக் கல்யாண விருந்துதான். விருந்து முடிந்தால் காற்று.

மாத்திரை தொடங்கிய வாரம் ஒரு நாள், மழைக்குத் தார்ப்பாய் இறக்கிய ஜீப்பில் பதினொரு பேர். "ஏனுங்க டிரைவரே, சீட்டுக்கடியில எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?" என்றார் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதம்மாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அண்ணன் அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வளைவில், எதிரே வந்த பால்வண்டி மிக நெருங்கிய பிறகுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஜீப்பை ஓரங்கட்டினார். "கண்ணு நொம்ப மங்குதுங்க. இனி நான் ஓட்டமாட்டனுங்க" என்றார். வேறு தொழில் தெரியாதவர்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். அந்தம்மா திட்டவில்லை. "காத்து வருதுன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். அளவைக் குறைச்சுத் தர்றேன். சோத்தைப் பாதியாக்குங்க, காயும் கீரையும் முதல்ல சாப்பிடுங்க. உள்ளே போற மாவு குறைஞ்சா காத்தும் குறையும், போகப்போகக் குடலும் பழகிக்கும். கண் டாக்டர் சரின்னு சொன்னாத்தான் வண்டியைத் தொடணும்" என்றாராம்.

ஏழு வாரம் ஜீப் நின்றது. சர்க்கரை இறங்கியது, கண் தெளிந்தது. கண் டாக்டரும் சரி என்றார்.

திரும்பி வந்த முதல் நாள், சாவியைத் திருகுமுன் அண்ணன் பின்பக்கம் பார்த்தார். "மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கறனுங்க. காத்து வந்தா வரும். முடியாதவங்க தார்ப்பாயைத் தூக்கிக்குங்க. கண்ணு தெரியாம ஓட்டறதுக்கு இது தேவலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாதம்மாள் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் சர்க்கரைதானுங்க. காத்துக்குப் பயந்து அதே மாத்திரை நாலு மாசமா என்ற ஊட்டுலயும் பிரிக்காமக் கெடக்குதுங்க" என்றார். "இப்பப் பழமா காயான்னே தெரியாமப் பறிக்கறனுங்க. மேஸ்திரி தெனமும் வையறாரு. கூச்சத்துல யாருகிட்டயும் சொல்லலைங்க."

அண்ணன் கியர் போட்டார். அன்று எஸ்டேட் கேட்டில் மற்ற வேலையாட்களை இறக்கிவிட்டு, மாதம்மாள் அக்காவை மட்டும் இறங்க விடாமல் நேரே டாக்டரம்மா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.