வெள்ளிக்கிழமைக் கேள்வி

அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு பேர் அவளை மேடம் என்கிறார்கள். அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் அங்கே வெறும் நெட்டை. அந்தப் பெயரை வைத்தவள், அவளோடு ஒரே மேஜையில் துணி மடித்த பட்டாசு. பட்டாசுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. ஆனால் அவள் ஒரு நிமிஷம் பேசிக் கேட்டவர் எவரும் காரணம் கேட்டதில்லை.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக ஒழுங்காய் மடிக்க முடியாது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வருவதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இருநூறு விரிப்பு. இருநூறு தடவை முகத்துக்கு முகம் நெருங்குகிறவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? மாமியார், பிள்ளைகளின் மார்க்கு, பஸ்ஸில் காலை மிதித்தவன் என்று ஊர்க்கதை முழுக்க அங்கே அலசப்பட்டது. நெட்டைக்கு முன்கோபம். புதிதாக வந்த பெண் மேல் எரிந்து விழுந்தால், அடுத்த விரிப்பிலேயே பட்டாசு கேட்டுவிடுவாள், “ஏன்டி, நீ பொறக்கும்போதே மடிக்கக் கத்துக்கிட்டு வந்தியா?” நெட்டை முறைப்பாள். பத்து விரிப்புக்குப் பேசமாட்டாள். அப்புறம் தானே போய் அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்திவிட்டு வருவாள். இப்படித் திட்டு வாங்கி வாங்கித்தான் பதமானாள். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது, நிதானமான ஆள் என்று மேலிடம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அந்த நிதானத்தில் பாதி யாருடையது என்று மேலிடத்துக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரமே, துவைக்கிற பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு காதில் விழுந்தது. இனிமேல் பட்டாசு காட்டில் மழைதானாம். நெட்டைக்குச் சுருக்கென்றது. தன்னை நோக்கி ஒருத்தரும் விரல் நீட்டக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அப்புறம் சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வந்தது. டை கட்டிய ஒருவர் நல்ல தலைமைக்கான பழக்கங்களை விளக்கினார். மற்றவர்கள் டீயோடு அதையும் விழுங்கிவிட்டுப் போனார்கள். நெட்டை மட்டும் ஒரு நோட்டு வாங்கினாள். எல்லோருக்கும் முன்னால் வரப் பழகினாள். எதிராளி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்க, நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். துவைக்கிறவர் ஒருவர் சுற்றி வளைத்துச் சொன்ன கதையைக் கால்மணி நேரம் அப்படிப் பொறுத்துக் கேட்டதில், பெரிய இயந்திரத்தின் சத்தம் மாறியிருப்பது தெரிந்தது. அது நின்றுபோவதற்குள் சரிசெய்ய முடிந்தது. ஆட்கள் மதிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது பழக்கம்தான் படியவில்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிகிற நேரத்தில், “இந்த வாரம் நான் எதுல தப்பு பண்ணேன்?” என்று நோட்டும் கையுமாகக் கேட்பாள். ஒன்றுமில்லை மேடம் என்று பதில் வரும். வீட்டில் கணவரிடம் கேட்டுப்பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு ஆரம்பித்தார். ஏழாவது குற்றம் வந்தபோது அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். வீட்டில் அந்தப் பழக்கம் அதோடு சரி.

பட்டாசும் ஒன்றுமில்லை மேடம் என்றுதான் சொன்னாள். அந்த மேடம்தான் நெட்டையின் நெஞ்சில் தைத்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, பட்டாசு வேறொருத்தியோடு மடித்துச் சிரிப்பதைப் பார்ப்பாள். வெளியே வந்தால் சிரிப்பு அடங்கிவிடும். அவள் ஏங்கியது பாராட்டுக்கு இல்லை, ஒரே ஒரு திட்டுக்கு. கேட்டால் சிரிப்பீர்கள், ஒருநாள் வேண்டுமென்றே தப்பு செய்தாள். ஆள் உயரத்துக்கு மேலிருக்கும் ஜன்னல் திரைகளை மடிக்க, இருப்பதிலேயே குள்ளமான இரண்டு பேரைப் போட்டாள். திரை தரையைப் பெருக்கியது. பட்டாசு பார்த்தாள். பேசாமல் போய் இரண்டு முக்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பட்டாசு தானாகவே அறைக்குள் வந்து ஒரு தாளை நீட்டினாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்ட விண்ணப்பம். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும்.

நெட்டை நோட்டை மூடி மேஜை டிராயருக்குள் தள்ளினாள். “இப்பவாச்சும் சொல்லு. நான் எதுல தப்பு பண்ணேன்?”

பட்டாசு கதவைச் சாத்தினாள். பிறகு, “அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு ஒரு வாரம் காலை ஷிப்டு கேட்டேன். முடியாதுன்னீங்க. அடுத்த மாசமே இஸ்திரிக்காரம்மா மக பரீட்சைக்குன்னு கேட்டாங்க, குடுத்தீங்க. அது குடுக்க வேண்டியதுதான், தப்பே இல்ல. ஆனா எங்கம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனப்ப வெளிய நிக்க ஆளில்ல,” என்றாள்.

நெட்டையிடம் பதில் இருந்தது. அந்த வாரம் ஆள் குறைவு, பட்டியல் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் நியாயமா இருந்தே. எனக்கு மட்டும் ரெண்டு மடங்கு நியாயமா இருந்தே,” என்றாள் பட்டாசு.

அவள் வாயிலிருந்து ‘இருந்தே’ என்று கேட்டதில் நெட்டைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. என்ன சொன்னாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. நேர்மை என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது, யாரோ முணுமுணுத்த ஒரு பேச்சுக்குப் பயந்த பயம். அந்தப் பயத்துக்கு முழு விலை கொடுத்தவள் எதிரே நிற்கிறாள்.

“தப்புதான். பெரிய தப்பு. இங்கேயே இருந்துடேன். இனிமே அப்படி நடக்காது.”

“கோபத்துல போகல. அந்த ஆஸ்பத்திரி எங்கம்மா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. அவங்களுக்குக் கண்ணு இன்னும் சரியாத் தெரியல, பக்கத்துல இருக்கணும்.” பட்டாசு கதவைப் பார்த்தபடி சொன்னாள், “நீ இதுக்கும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

ஆள் பற்றாக்குறை என்று ஒரு வரி எழுதினால் போதும், விண்ணப்பத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம். ஆஸ்பத்திரி விதியும் அதற்கு இடம் கொடுத்தது. மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடலாமே என்று மனசு ஆசை காட்டியது. அந்த வரியை எழுத வேண்டிய இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசரான பிறகு பட்டாசு கேட்டு அவள் கொடுத்தது அது ஒன்றுதான்.