அலுமாரிக்குள் மொங்கோலியா

கனடாவில், ஸ்கார்பரோவின் மோர்னிங்சைட் பக்கம் செல்வரட்ணத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆள் ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருடமாக மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வழுக்கை, தொந்தி, கல்யாணம் கட்டிக் கல்கரிக்குப் போய்விட்ட ஒரு மகள். அவ்வளவுதான். ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு சாதி. எந்த மண்டபத்துக்குப் போனாலும் அந்த வாய் அவருக்கு முன்னமே உள்ளே போய்க் கதிரை பிடித்துவிடும்.

அந்த வாய்தான் போன கோடையில் அவரைப் பதினாலு நாள் சொந்த வீட்டிலேயே மறியலில் போட்டது.

பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் சீட்டுக் குலுக்கினார்கள். முதற் பரிசு, இரண்டு பேருக்கு மொங்கோலியாவில் சைக்கிள் பயணம். மேய்ச்சல்காரர்கள் ஆடு, மாடு, குதிரைகளோடு கூடாரத்தைக் கழற்றிக் கழற்றி இடம் மாறுகிற புல்வெளிக்குள்ளால் நானூறு கிலோமீற்றர். வழிகாட்டி, சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. மிதிப்பது மட்டும் நம்முடைய பொறுப்பு. சீட்டு செல்வரட்ணத்துக்கு விழுந்தது. ஒலிவாங்கியோடு நின்ற டெனிஸ்டன் அவரை மேடைக்கு இழுத்தான்.

"அண்ணை, நானூறு கிலோமீற்றர்! ஏலுமோ?"

"தம்பி, நான் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில வளந்தவன். எங்களை நடக்கப் பழக்க முதல் சைக்கிள் ஓடப் பழக்கினவை. நானூறு என்ன, நாலாயிரம் எண்டாலும் ஒரு மூச்சு!"

மண்டபம் விசிலடித்தது. அவர் மனைவி பேபி எழுந்து நின்று கை தட்டினா.

செல்வரட்ணத்துக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

இதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. அந்த வயது யாழ்ப்பாணத்தானிடம் போய் சைக்கிள் ஓடுவாயோ என்று கேட்பது, சோறு தின்பாயோ என்று கேட்பது மாதிரி. சின்னனில் ஒருமுறை மதகில் விழுந்து தாடை கிழிந்தபிறகு அவர் சைக்கிளின் முன்பக்கத்துக்குப் போனதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருடம் கூட்டாளி சீமோனின் கரியரில் போனார். பிறகு கனடா. பஸ், சப்வே, கார். விசயம் அப்படியே அமுங்கிப் போயிற்று. சீமோனும் இப்போது ஸ்கார்பரோவில்தான். முழங்கால் பட்டிகளும் இறுக்கமான காற்சட்டையும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரௌவ்வில் என்கிற ஊர் வரை சைக்கிள் ஓடுகிற அண்ணைமார் கூட்டத்துக்குத் தலைவன். ஆறு வருடக் கரியர் கதையை அவன் மறந்திருப்பான் என்று செல்வரட்ணம் நம்பினார். நம்பாமல் வேறென்ன செய்வது?

கடைசி நேரத்தில் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார். பேபி விடவில்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறவ பேபி. அவ கண்ட வெளிநாடெல்லாம் லண்டனில் செத்தவீடு, பாரிசில் கல்யாணவீடு, சென்னையில் சேலைக்கடை. சும்மா போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருகிற பயணம் என்று ஒன்று அவவின் வாழ்க்கையில் நடந்ததில்லை. புல்வெளிப் படமொன்றைப் பிறின்ற் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினா. ஹெல்மெற் வாங்கினா. வேலை முடிந்து வந்து தெருவைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓடினா. செல்வரட்ணம் ஜன்னலுக்குள் நின்று, "நான் பழகத் தேவையில்லை, எனக்கு அது ரத்தத்தில கிடக்கு" என்றார். இப்படியே மூன்று மாதம் போனது.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் சீமோன் வழியனுப்ப வந்தான். பேபி வீட்டுக் கதவுத் திறப்பொன்றை அவன் கையில் கொடுத்தா. குளிர்காலம் முழுக்கப் பிள்ளை மாதிரிப் பொத்திப் பொத்தி வளர்த்த கறிவேப்பிலைச் செடி ஹோலில் நின்றது.

"மூண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி, சீமோன் அண்ணை. மண் காய்ஞ்சிருந்தா மட்டும். ஈரத்துக்கு மேல ஊத்தினா வேர் அழுகிப்போம்."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. மச்சான், கவனமாப் போட்டு வா" என்றான் சீமோன். சொல்லும்போது அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணிய மாதிரி செல்வரட்ணத்துக்குப் பட்டது.

அவன் போய்க் கதவு சாத்தியதும் செல்வரட்ணம் வாயைத் திறந்தார்.

"பேபி, ஒரு கதை."

"பாஸ்போட்டோ? என்ரை பாக்குக்குள்ள கிடக்கு."

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது."

பேபி சிரித்தா. அவருடைய முகத்தைப் பார்த்தா. சிரிப்பு நின்றது. பூட்டி வைத்த சூட்கேசின் மேலேயே இருந்துவிட்டா.

"முப்பது வருசம்" என்றா.

"நீ கேக்கேல்லையே."

"கேக்கிறதோ? உங்களுக்கு மூக்கு இருக்கோ எண்டும்தான் நான் கேக்கேல்லை!"

கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பினா.

"நான் போறன்."

"தனியவோ?"

"எட்டு ஜேர்மன்காரர் வருகினம், வழிகாட்டி இருக்கு. நீங்கள் இஞ்சயே கிடவுங்கோ. ஆனா வேலையில, கோயிலில, ஊர் முழுக்க ரெண்டு பேரும் போறம் எண்டு சொல்லிப்போட்டன். ஊர் என்னைப் பாத்துச் சிரிக்க வைச்சியளெண்டா திரும்பி வரமாட்டன். லைற் போடக்கூடாது. பிளைண்ட்ஸ் திறக்கக்கூடாது. வாசல்பக்கம் தலை நீட்டக்கூடாது. படங்களில உங்களைக் காணேல்லை எண்டு ஆரும் கேட்டா, படம் எடுக்கிறதே நீங்கள்தான்."

"சாப்பாடு?"

"பிறீசருக்குள்ள பாண் கிடக்கு. உங்கட கொம்பனிப் பாண்தான்."

மறுநாள் ஏர்போட்டுக்குப் போக ராக்ஸி வந்தது. பேபி ஏறினா. செல்வரட்ணமும் மொங்கோலியாவுக்குப் போனார், அதாவது ஹோலில் சோபாவுக்குப் போனார்.

முதல் நாள் நல்ல ஓய்வு மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் பாண் அலுத்தது. பிளைண்ட்ஸ் இடுக்கால் பார்த்தால் முன்வளவுப் புல் வளர்ந்துகொண்டிருந்தது. வெட்ட ஆளில்லை. வெட்டுகிற ஆள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் தன் புல்லை வெட்டும்போது இவர் எல்லையில் வந்து நின்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

பேபியின் படங்கள் வட்ஸ்அப்பில் அவருக்கும் ஊருக்கும் வந்தன. முடிவேயில்லாத புல். அதற்கு நடுவில் ஹெல்மெற்றோடு பேபி. வட்டக் கூடாரத்துக்கு முன்னால் ஒரு மேய்ச்சல்காரக் குடும்பம், அவர்களுக்கு நடுவில் கிண்ணத்தில் குதிரைப்பாலோடு பேபி. "கொஞ்சம் புளிப்பு, எங்கட மோர் மாதிரி" என்று கீழே எழுதியிருந்தா. இன்னொரு படத்தில் அதே குடும்பம் கூடாரத்தைக் கழற்றி வண்டியில் கட்டிக்கொண்டிருந்தது. புல் முடிந்துவிட்டதாம், அடுத்த இடத்துக்குப் போகிறார்களாம். ஒரு முழுவீட்டையும் அரை நாளில் கழற்றிக்கொண்டு போகிறார்கள். தனக்கு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை என்று செல்வரட்ணம் நினைத்தார். இத்தனை வருடத்தில் பேபி இப்படிப் பல் தெரியச் சிரித்ததை அவர் கண்டதில்லை. அதுதான் அவரைக் கூடுதலாக வதைத்தது.

மூன்றாம் நாள் கதவில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்டது.

சீமோன்! திறப்பு அவனிடம் இருப்பதைப் புருசனும் பெண்சாதியும் அந்தக் கலவரத்தில் மறந்தே போயிருந்தார்கள். செல்வரட்ணம் வாசலுக்குப் பக்கத்துக் கோட்டு அலுமாரிக்குள் பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினார். ஐந்து குளிர்ச்சட்டைகள், ஒரு வக்கூம் கிளீனர், அவர். சீமோன் சும்மா தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிற ஆள் இல்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்தான். டீவி பார்த்தான். ரொய்லற்றுக்குப் போனான். ஒன்றரை மணித்தியாலம். யூலை மாதத்தில் குளிர்ச்சட்டைகளுக்குள் நின்றவருக்கு உள்ளே இருந்ததெல்லாம் வேர்வையாக வெளியே வந்தது.

ஆறாம் நாளும் அப்படி. ஒன்பதாம் நாளும் அப்படி.

இதற்கிடையில் ஆள் ஒரு பிழை விட்டார். பேபியில் வைத்த பயமோ, சும்மா இருக்க ஏலாத கையோ, ஒவ்வொரு நாள் விடியவும் கறிவேப்பிலைக்கு அவரே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். செடி துளிர் விட்டுப் பளபளவென்று நின்றது.

பன்னிரண்டாம் நாள் சீமோன் வந்து சோபாவில் காலை நீட்டியபோது அவனுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அன்ரனெற். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டில் பால் பொங்கினால் அடுத்த வீட்டுக்கு முன்னம் அன்ரனெற்றுக்குத் தெரியும்.

"சீமோன் அண்ணை, பேபியின்ரை படங்கள் பாத்தனீங்களே?"

"பாத்தன், பாத்தன்."

"நாப்பத்தொரு படம் போட்டிருக்கிறா. நான் எண்ணிப் பாத்தன். ஒண்டிலயும் அவர் இல்லை."

"அவன்தானே எடுக்கிறவன்."

"சும்மா விடுங்கோ அண்ணை! செல்வரட்ணண்ணை ஒரு படத்துக்கும் குறுக்க வராமல் விட்ட மனிசனோ? எங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பத்தைப் பாருங்கோ, பிள்ளையை விட அவர்தான் கூட நிக்கிறார். எனக்கென்னவோ ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டினம் போல கிடக்கு. ஒரு படத்தில பேபிக்குப் பக்கத்தில நெட்டையா ஒரு வெள்ளை நிக்கிறான்…"

அலுமாரிக்குள் செல்வரட்ணத்தின் காது கொதித்தது. கதவுப் பிடியில் கை போனது. பாய்ந்து வெளியே போய், என்ரை மனிசியைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னால் தெரியும் என்று கத்த வேண்டும். கத்தினால்? அவர் இங்கே நிற்கிறார் என்றால் பேபி அங்கே தனியாக நிற்கிறா என்றாகிவிடும். அன்ரனெற் சொன்னது அத்தனையும் அந்த நிமிடமே உண்மையாகிவிடும். வெளியே போனால் பேபியின் பேர் போய்விடும். உள்ளே நின்றாலும் கதை வளர்ந்து பேபியின் பேர் போய்விடும். பிடியில் வைத்த கை வைத்தபடியே நின்றது. இதையெல்லாம் தொடக்கிவிட்டது தன்னுடைய வாய், இப்போது வாய் திறக்க ஏலாமல் கேட்டுக்கொண்டு நிற்பதும் தான்தான் என்று முதல்முறையாக அவருக்கு உறைத்தது.

"அன்ரனெற்," சீமோன் சாவகாசமாகச் சொன்னான், "இப்ப பத்து நிமிசத்துக்கு முன்னந்தான் அவனோட கதைச்சனான். முழங்காலில அடிபட்டுப்போச்சு. வழிகாட்டியின்ரை வானுக்குள்ள இருந்துகொண்டு படம் எடுக்கிறானாம். வீங்கின காலோட படத்துக்கு நிக்க அவனுக்கு வெக்கம்."

"அடக் கடவுளே! ஓடேக்குள்ள விழுந்ததோ?"

"பின்னே? முன்னுக்குப் போனது அவன்தானாம். ஜேர்மன்காரரே பிடிக்க ஏலாமல் நிண்டவையாம்."

போனை வைத்துவிட்டுச் சீமோன் எழும்பி வந்து கறிவேப்பிலைக்கு முன்னால் நின்றான். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான். செடியைப் பார்த்தே பேசினான்.

"நாலு தரம் வந்திட்டன். நாலு தரமும் ஈரம். நான் இன்னும் ஒரு சொட்டுக் கூட ஊத்தேல்லை. கேத்தில் வேற நான் வர முன்னமே சுடுகுது. கறிவேப்பிலையே, நீ தேத்தண்ணியும் குடிக்கிறனியோ?"

சீமோன் அலுமாரிப் பக்கம் திரும்பினான்.

"ஆறு வருசம் உன்னைக் கரியரில வைச்சு மிதிச்சவன் நான். எதிர்க்காத்தில, ஏத்தத்தில, வெறும் வயித்தோட. ஒருநாள் எண்டாலும் மாறி மிதிக்கிறன் எண்டு சொன்னனியோ? நீ மண்டபத்தில அந்த ஒலிவாங்கியைப் பிடிச்சு நாலாயிரம் எண்டு சொல்லேக்குள்ள எனக்குச் சிரிப்பில கொத்துரொட்டி மூக்கால வந்தது."

செல்வரட்ணம் கதவைத் திறந்தார். தலையில் யாருடையதோ கம்பளித் தொப்பி.

"மச்சான்…"

சீமோன் ஒரே எட்டில் வந்து அவரை நெஞ்சில் கை வைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"உள்ளுக்க நில்லடா! முன்கதவு கண்ணாடி, தெருவால சனம் போகுது. பேபி நாளண்டைக்குத்தான் வாறா. அதுவரைக்கும் நீ மொங்கோலியாவில."

கதவில் முதுகைச் சாய்த்துச் சீமோன் நிலத்தில் இருந்தான். உள்ளே செல்வரட்ணமும் இருந்தார், வக்கூம் கிளீனருக்குப் பக்கத்தில்.

"ஏன்ரா சொல்லேல்லை? இத்தனை வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"சொன்னா ஒருநாள் சிரிப்பு. சொல்லாட்டி என்ரை சீவியம் முழுக்கச் சிரிப்பு" என்றான் சீமோன். "சரி, இப்ப கேள். ஏர்போட்டுக்கு நான் போறன், நீ பின்சீற்றில படுத்துக்கொண்டு வாறாய். வந்து இறங்கேக்குள்ள நொண்டோணும். வாற ஞாயிறு ஸ்ரௌவ்வில் ஓட்டத்தில எங்கட ஆக்கள் உன்னை முன்னுக்கு விட இருந்தவை. நொண்டினாத்தான் தப்புவாய். எந்தக் கால்?"

"இடது."

"மறந்திடாத. அன்ரனெற்றுக்கு இடது எண்டே சொல்லிவிடுறன். இனிக் கொஞ்சம் வெயிலில நில்லு, பின்வளவில, ஆக்கள் வேலைக்குப் போன பிறகு. அவிச்ச முட்டை மாதிரிக் கிடக்கிறாய். புல்வெளிக்குப் போன மூஞ்சையோ இது?"

இரண்டு நாள் கழித்துப் பேபி வந்தா, கறுத்து, மெலிந்து, கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு. பின்சீற்றில் போர்வைக்குள் கிடந்த புருசனை ஒருமுறை எட்டிப் பார்த்தா.

"கறிவேப்பிலை எப்பிடி?" என்று சீமோனிடம்தான் கேட்டா.

இன்றைக்கும் செல்வரட்ணம் நொண்டிக்கொண்டுதான் திரிகிறார். விழாக்களில் மொங்கோலியா பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பேபிதான் பதில் சொல்லுவா. அவர் பக்கத்தில் பேசாமல் கதிரையில் இருப்பார். எழும்பி நடக்கும்போது சில நாள் வலதுகால் நொண்டும். அப்போது பேபி அவருடைய இடது முழங்காலில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவா. கால் உடனே மாறிவிடும்.

அடுத்த கோடைக்கும் பேபி பதிந்துவிட்டா. ஒரு ஆளுக்கு மட்டும். திறப்பு சீமோனிடம்தான்.