ரப்பர் அக்கா அழித்த ஆள்

ஊரில் யார் எதைப் படமெடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், புகைப்படம் அச்சிடும் கடையின் உள்ளறையில் சில நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரப்பர் அக்கா அந்த அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

கண்டக்டர் ஒருவர் வாடிக்கையாளர். வாரம் முழுக்கப் பேருந்தில் கூட்டத்தை நெருக்கித் தள்ளி அலுத்துப்போனவர், விடுமுறை நாளில் தனியாக உட்கார்ந்திருக்கும் பறவையைத் தேடி அலைவார். இரும்புக்கடை அண்ணன் பொம்மை லாரிகளும் கார்களும் சேர்ப்பவர். அவற்றை அலமாரியில் வைத்தே படமெடுக்க அவருக்கு மனம் வராது. நிஜமான மண்மேட்டிலும் சேற்றிலும் நிறுத்தி, தானும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு எடுப்பார். பார்க்கிறவர்களுக்கு நிஜ லாரியா பொம்மையா என்று தெரியாது. டீச்சர் ஒருவருக்கு மேகம் மட்டும்தான். "டீச்சர், ஒரு மரமாவது வரக்கூடாதா?" என்று அக்கா கேட்டால், "மரம் எங்கம்மா ஓடப்போகுது? மேகம் போனா வருமா?" என்பார்.

பல் டாக்டருக்குக் கட்டடங்கள். ஜன்னல்கள் வரிசை பிசகாமல், கோடுகள் நேராக, குறுக்கே ஒரு கம்பிகூட இல்லாமல் இருக்க வேண்டும் அவருக்கு. "டாக்டர் கட்டடத்துக்கும் பல் துலக்கி விடுறாரு" என்று கடை முதலாளி சிரிப்பார். துலக்கி விடுகிற வேலை அக்காவுடையது.

அதனால்தான் அவர் ரப்பர் அக்கா. படத்தில் வேண்டாதது எதுவாக இருந்தாலும் அழித்துவிடுவார். மின்கம்பி, குப்பைத்தொட்டி, சுவரொட்டி, அத்தைக்குப் பக்கத்தில் வந்து நின்ற பழைய மாப்பிள்ளை என எதுவும் தப்பாது. அழித்த இடத்தில் தடம் இருக்காது. நெகட்டிவில் மெல்லிய தூரிகையால் மை தொட்டு வைத்துக் கற்ற வேலை. கம்ப்யூட்டர் வந்தபோது கடையில் மற்றவர்கள் கை உதறிக்கொண்டு விலகினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்தக் கைதான்.

ஒன்றை மட்டும் செய்யமாட்டார். கறுப்பை வெளுப்பாக்கமாட்டார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற அப்பாக்கள் படத்தோடு வந்து நிற்பார்கள்.

"கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா."

"பிழை இருந்தாத்தான் சார் திருத்துவேன். உங்க பொண்ணு நிறத்துல ஒரு பிழையும் இல்ல."

"மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்களே?"

"அவங்க கண்ணுக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுங்க. அதுக்கு வேற கடை."

முதலாளி உள்ளே வந்து தலையில் அடித்துக்கொள்வார். அக்கா அசையமாட்டார். தோலின் நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் கேவலத்துக்குத் தன் கையைக் கடன் தரமாட்டேன் என்று ஒரு அச்சுக்கடைத் தொழிலாளி சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, வாடகை வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவரும் ஒரு இடத்தில் சறுக்கினார்.

ஊரின் பெரிய சாலையில் ஒரு வணிக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் அதை மாடி மாடியாகப் படமெடுத்து வந்தார். அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கட்டி முடித்ததும் வாசலில் மாட்டுவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் தேர்ந்தெடுத்த படத்தில் மாலை வெயில் சுவரில் பொன்னாக விழுந்திருந்தது. சாரத்தின் மேல், அந்தப் பொன்னின் நடுவில், பூச்சுக்கரண்டியோடு ஒரு ஆள். அவர் போட்டிருந்தது பெரிய பெரிய சிவப்புப் பூப்போட்ட சட்டை.

"படமே அந்தச் சட்டையால கெட்டுப்போச்சும்மா. எடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

அக்கா ஆளை அழித்தார். வெயில் மட்டும் மிஞ்சியது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சுத்தம் செய்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். அழுக்குப் பிரதி ஒன்று மூலையில் கிடப்பதை அவரால் தாங்க முடியாது. டாக்டரும் அச்சு கைக்கு வந்ததும் கேமராவில் இருக்கும் படங்களை அழித்துவிடுகிறவர்.

கொஞ்ச நாள் கழித்துச் சாரம் சரிந்தது. ஒருவர் விழுந்து இடுப்பும் காலும் முறிந்தன.

அச்சுக்கடைக்கு மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு தையல்காரப் பெண் உண்டு. படிக்கட்டின் அடியில் ஒரு மிஷின் போடுகிற அளவுக்குத்தான் இடம். விழுந்தவர் அவருடைய கணவர். நான்கு நாள் ஓடாமல் கிடந்த மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, அவர் ஒரு காலையில் படியேறி உள்ளறைக்கே வந்தார்.

"அக்கா, ஒரு உதவி. எங்க வீட்டுக்காரர் அங்க வேலையே பாக்கலைன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றது?"

"காண்ட்ராக்டர் ஆளுங்கதான். இரும்பு திருட ஏறினவன், தானா விழுந்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கூட வேலை பாத்தவங்களைக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. அவங்களுக்கும் நாளைக்கு வேலை வேணுமே. தொழிலாளர் ஆபீஸ்ல அத்தாட்சி கேக்குறாங்கக்கா. சம்பளம் கையில குடுத்தாங்க. அத்தாட்சிக்கு நான் எங்க போவேன்?"

"சரி, என்கிட்ட என்ன இருக்கு?"

"கண்ணாடி போட்ட ஒருத்தர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு படம் பிடிச்சாராம். 'நான் சிரிச்சிட்டே நின்னேன், நல்லா விழுந்திருக்கும்'னு இவர் சொல்றார். படம் கழுவுற கடை ஊர்ல இது ஒண்ணுதானே. பாருங்கக்கா. சட்டை பாத்தாலே தெரியும். ஒரு வீட்டுல ஜன்னல் திரை தைச்சு மிஞ்சின துணி, நான்தான் சட்டையாத் தைச்சேன். 'என்னடா ஜன்னலை மாட்டிட்டு வந்திருக்கே'ன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம்."

அக்கா திரையில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினார்.

"இதுதான் அந்தப் படம். இங்கதான் நின்னார். நான் அழிச்சிட்டேன்."

தையல்காரப் பெண் வெறும் சுவரையே பார்த்தார். "நீங்களுமாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கோபித்திருந்தால் தேவலை என்று அக்கா பின்னால் சொன்னார். இதில் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. கட்டடத்தைப் பார்க்கிறவன் கட்டுகிறவனைப் பார்க்கக்கூடாது என்பது நம் ரசனைக்குள் ஊறிப்போன விதி. சுவர் தானாக முளைத்த மாதிரி இருந்தால் அழகு. அதில் ஒரு ஆள் வியர்வையோடு நின்றால் அசிங்கம். நிறத்தில் நடக்கும் அநியாயம் அக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்த்தார். இது அழகு என்ற பெயரில் வந்ததால் தெரியவில்லை. தெரிந்த நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னைத் தலைவணங்க வைக்கிறது.

அவர் சமாதானம் சொல்லவில்லை, அழவும் இல்லை. "அந்தப் பக்கம் வேற யார் கேமராவோட திரிஞ்சிருப்பாங்க?" என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஊரே தன் கண்ணை அவரிடம்தான் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கண்டக்டரின் வல்லூறு ஒன்று சாரக்கம்பத்தில் உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்தது. தேடி எடுத்தார். இறகு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலத் துல்லியம். பின்னால் மங்கலாக ஒரு சிவப்புப் பூக்கூட்டம், அதன் மேல் ஒரு தலை, கையில் கரண்டி. "பின்னால ஏதோ சிவப்பா உறுத்துது, போகட்டும் விடுங்க, பறவை நல்லா இருக்கு" என்று கண்டக்டர் அப்போது விட்டுவைத்த படம்.

அடுத்தது இரும்புக்கடை அண்ணனின் மஞ்சள் பொம்மை லாரி. அது வளாகத்து மணல்மேட்டில் கம்பீரமாக நின்றது. அதற்குப் பின்னால், கொஞ்சம் கலங்கலாக, பாதி எழும்பிய கட்டடத்தின் முன் மேஸ்திரி விரலை நீட்டி எதையோ காட்டுகிறார். அவர் காட்டும் திசையில் சிமெண்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே ஜன்னல் திரைச் சட்டை.

டீச்சரின் படங்கள் அத்தனையும் பார்த்தார். மேகம், மேகம், மேகம்.

வாடிக்கையாளர் படத்தை அவர் அனுமதியில்லாமல் யாருக்கும் தரக்கூடாது. முதலாளி அதைச் சொன்னார். கூடவே மனதில் இருந்ததையும் சொன்னார். "காண்ட்ராக்டர் பெரிய ஆர்டர் தந்திருக்கார். நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?"

"அனுமதி நான் வாங்கிட்டு வரேன். வம்புன்னா, அதை நாமதான் சார் அழிச்சு ஆரம்பிச்சோம். வேணாம்னா சொல்லுங்க, நாளையிலிருந்து வரலை."

முதலாளி கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார். "நீ வரலைன்னா டாக்டருக்கு யாரு பல் துலக்குறது? போ, போயிட்டு வா."

கண்டக்டர் பேருந்தில் சில்லறை கொடுத்துக்கொண்டே சம்மதித்தார். இரும்புக்கடை அண்ணன்தான் திணறினார். அந்தக் காண்ட்ராக்டர் அவரிடம்தான் கம்பி வாங்குவது.

"அக்கா, நான் லாரியைத்தான் எடுத்தேன். பின்னாடி யார் நின்னாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"அதைத்தான் நீங்க சொல்லணும். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"என் பொழப்புல மண்ணு விழுந்தா?"

"மண்ணுலதானே அண்ணே படுத்துப் படம் எடுத்தீங்க. பழக்கம்தானே."

சிரித்துவிட்டார். சிரித்தவரால் மறுக்க முடியவில்லை.

கடைசியில் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் நோயாளி நாற்காலியில் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். "என்கிட்ட இருக்கிறது எல்லாமே காலியான கட்டடம்தானேம்மா" என்றார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து அந்த வளாகத்தின் படங்கள் முழுவதையும் எடுத்து மேசைமேல் மாடிவாரியாக அடுக்கினார். "ஆனா எந்த மாசம் எந்த மாடின்னு இதுல இருக்கு. நானும் வரேன்."

தொழிலாளர் அலுவலகத்தில் காற்றாடி சுற்றும் அறை. அதிகாரி ஒரு அம்மாள். ஒரு பக்கம் காண்ட்ராக்டரின் வக்கீலும் மேஸ்திரியும். மறுபக்கம் தையல்காரப் பெண், அக்கா, டாக்டர், கண்டக்டர், கடைசி நாற்காலியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இரும்புக்கடை அண்ணன். உள்ளே நுழையும் முன், வெளியே காத்திருந்த ஒரு பெரியவர் தையல்காரப் பெண்ணுக்கு ஆறுதல் சொன்னார்: "எல்லாம் தலையெழுத்தும்மா." அக்கா திரும்பினார். "தலையெழுத்து இல்லைங்க. சாரத்தைச் சரியாக் கட்டலை, இடுப்புக்குக் கயிறு குடுக்கலை. எழுதினவங்க உள்ள உக்காந்திருக்காங்க."

வல்லூறு படத்தைப் பார்த்து மேஸ்திரி சொன்னார்: "என்னைக்காவது தண்ணி கேட்டு வந்திருப்பான்."

"தண்ணி கேக்க மூணாவது மாடிக்குக் கரண்டியோட ஏறுவாராய்யா?" என்றார் கண்டக்டர். அதிகாரி அவரை அடக்கினார்.

வக்கீல் எழுந்தார். "மங்கலான உருவம். முகம் இல்லை. கேமராவில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்."

தையல்காரப் பெண் பையிலிருந்து மருத்துவமனையில் கத்தரித்து எடுத்த சட்டையையும், மிஞ்சிய திரைத்துணியையும் எடுத்து மேசைமேல் விரித்தார். பூக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்போது டாக்டர் தன் படங்களை வரிசையாக வைத்தார்.

"தேதியை மாத்தலாம். கட்டடத்தை மாத்த முடியாதுங்க. லாரி படத்துல ரெண்டாவது மாடிக்கு இன்னும் தளம் போடலை. பறவை படத்துல மூணாவது மாடி பூச்சு நடக்குது. நடுவுல பல மாசம். ஒரு மனுஷன் அத்தனை மாசம் தண்ணி கேட்டா, அவன் அங்கதான் இருந்தான்னு அர்த்தம்." தன் படங்களைக் காட்டி, "இந்தப் படங்கள்ல எல்லாம் ஆட்கள் இருந்தாங்க. அழிக்கச் சொன்னது நான்" என்றார்.

"அழிச்சது நான்" என்றார் அக்கா. "அதையும் எழுதிக்குங்கம்மா."

அதிகாரி லாரி படத்தை மேஸ்திரியிடம் நீட்டினார். "விரலை நீட்டி யாருக்கு என்ன சொல்லிட்டிருக்கீங்க?" மேஸ்திரி படத்தைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

விழுந்தவர் அங்கே வேலை பார்த்த தொழிலாளிதான் என்று தீர்ப்பானது. வைத்தியச் செலவும் இழப்பீடும் காண்ட்ராக்டர் தலையில் விழுந்தன. அவர் வாசல் படத்துக்கான ஆர்டரை ரத்து செய்தார். முதலாளி நாள் முழுக்க முணுமுணுத்தார். டாக்டருக்கு மட்டும் ஒரு ஆசை மிஞ்சியது. வல்லூறு படத்திலிருந்து அந்த ஆளை எடுத்து, தன் பொன்வெயில் சுவரில் பழையபடி நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

"முடியும் டாக்டர். தடமே தெரியாது. ஆனா செய்யமாட்டேன். அழிச்சது ஒரு பொய். ஒட்டினா அது இன்னொண்ணு. போய் ஆட்களோட வேற எடுங்க."

அதற்குப் பிறகு அவர் கம்பி அழிப்பார், குப்பைத்தொட்டி அழிப்பார். வேலையில் இருக்கும் மனிதரை யார் சொன்னாலும் தொடமாட்டார். சில வாடிக்கையாளர்கள் வெளியூர்க் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

தையல்காரப் பெண்ணின் கணவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய வாரத்தில், அந்தப் பெண் மறுபடி படியேறி வந்தார். அவர்கள் வீட்டில் கணவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம். வேலை செய்கிற படமாக மாட்ட வேண்டும் என்று ஆசை.

"இந்தக் கழுகை மட்டும் வெட்டிடுங்கக்கா. படத்துல பாதியை அதுவே அடைச்சிட்டிருக்கு."

"அது கழுகு இல்ல, வல்லூறு. வெட்டினா கண்டக்டர் என்னைப் பஸ்ல ஏத்தமாட்டார்."

"விளையாடாதீங்கக்கா."

"நான் வெட்டமாட்டேன்மா" என்றார் அக்கா.

அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அதுவும் அங்கதானே இருந்துச்சு."