நாலாம் நிமிடம், பத்தாவது விநாடி

என்னோடு வேலை செய்கிற ஒருவர் போன கிழமை கைப்பேசியில் கேட்டிருந்தார். "அண்ணை, ஜாஸ் ரொக் கிட்டார் கேக்க ஆசையாக் கிடக்கு. நல்ல அல்பம் அஞ்சு சொல்லுங்கோ. எந்த இடம் திறமெண்டு நிமிசமும் போடுங்கோ." இன்னும் பதில் போடவில்லை.

ஒரு காலத்தில் இப்படி யாராவது கேட்டிருந்தால் என்னைப் பிடித்திருக்க ஏலாது. துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்களுக்குக் கடதாசி எழுதும் வேலை எனக்கு. கப்பல்காரர்கள் விட்டுப்போகும் கசெற்றுகளில்தான் அந்தச் சங்கீதம் என்னிடம் வந்தது. உங்களுக்குச் சொல்வதற்கென்ன, பாதி விளங்காது. ஆனாலும் பெரிய வித்துவான் மாதிரிக் கதைப்பேன். கேட்பதற்குத் திருகோணமலை முழுவதிலும் எனக்கு இருந்தது யோகன் ஒருவன்தான்.

இன்றைக்கும் டீசல் மணம் வந்தால் மூதூருக்கு ஓடின லோஞ்சுப் படகு ஞாபகம் வரும், பின்னாலேயே யோகனும் வந்துவிடுவான். மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமைகளில் லோஞ்சில் வந்து கசெற் வாங்கிப் போவான். அங்கே மின்சாரம் இல்லை, சண்டைக் காலம், பற்றரி கொண்டுபோக ஆமிக்காரர் விடமாட்டார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரைக் கசெற் ரேடியோவில் கொழுவி, மிதித்து மிதித்துக் கேட்பான்.

ஒவ்வொரு கசெற்றோடும் நான் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பேன். 'முதற்பக்கம், மூன்றாவது. 4.10இல் ட்ரம்ஸ் நிற்கும். அசையாமல் இரு.' எல்லாம் என் பெருமைக்குத்தான்.

"மச்சான், உன்ர நாலாம் நிமிசம் எனக்கு ஆறாம் நிமிசம். கால் ஓய்ஞ்சா கிட்டாரும் ஓயுது. இந்த இலக்கம் என்னத்துக்கடா?" என்று சிரிப்பான். நான் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வழியனுப்ப ஜெட்டிக்குப் போனேன். ஆமிச் சோதனையில் அவனுடைய சட்டைப்பையில் இருந்து துண்டை எடுத்தார்கள்.

"இது என்ன டைம்? ஆர் எழுதின?"

யோகன் என்னை ஒருதரம் பார்த்தான். "பாட்டு சேர். நான்தான் எழுதினனான்."

இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். என் எழுத்து என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். லோஞ்சு அவனில்லாமல் போனது. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

அவனுடைய அக்கா ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினா. திருகோணமலை ரவுணுக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவா. "தம்பி, அந்தத் துண்டில அப்பிடி என்ன கிடந்தது? ஆர் எழுதிக் குடுத்தது?"

"தெரியாதக்கா."

தயிரை வாங்கித் தின்றேன்.

சண்டை முடிந்து சோதனைச்சாவடி போய்விட்டது. பாலங்கள் வந்தபின் லோஞ்சைத் தேடுவாரில்லை. போன கிழமை கைப்பேசியில் அந்தக் கேள்வி வந்த மறுநாள் பஸ் ஏறிக் கட்டைபறிச்சானுக்குப் போனேன், இனியாவது அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று. வீடு பூட்டிக் கிடந்தது.

"அவ செத்து எட்டு மாசமாச்சே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "நீங்கள் ஆர்?"

"யோகனுக்குத் தெரிஞ்ச ஆள்," என்றேன்.

"எந்த யோகன்?" என்றார்.