கல்லின்மேல் ஒரு சென்றி

ஐந்து வயது மகளுக்கு யானை வேண்டாம், சிங்கம் வேண்டாம். நாங்கள் இப்போது இருக்கும் ஆராவிலிருந்து ரயிலேறி விலங்குப் பூங்காவுக்குப் போனால் நேரே எர்ட்மென்லியிடம்தான் ஓடுவாள். இங்கத்தைய ஜெர்மன் பேச்சில் மீர்கட்டுக்கு அதுதான் பெயர். ஆப்பிரிக்கப் பிராணி, கீரிக் குடும்பம், கூட்டமாகவே வாழும். அன்று மற்றவை எல்லாம் மண்ணில் தலையை விட்டுப் புழுத் தோண்ட, ஒன்று மட்டும் கல்லின்மேல் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது.

“அப்பா, அது ஏன் சாப்பிடேல்லை?”

“அது சென்றியிலை நிக்குது.”

சொன்ன பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஊரில் சென்றி என்றால் இராணுவக் காவலரண், மண்மூடையும் துவக்கும். சைக்கிளை விட்டிறங்கித் தலை குனிந்து உருட்டிக்கொண்டு போக வேண்டும். இங்கே வந்தபின் அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை.

“சென்றி எண்டால் என்ன?”

கல்லிலிருந்து மெல்லிய கீச்சொலி வந்துகொண்டேயிருந்தது. அது கேட்டுக்கொண்டிருந்ததால் மற்றவை தலை நிமிராமல் தோண்டின.

“மற்றவை பயமில்லாமல் சாப்பிடட்டும் எண்டு ஒராள் பாத்துக்கொண்டு நிக்கிறது” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வேறொன்று கல்லில் ஏற, முதலாவது இறங்கித் தோண்டப் போனது.

மறுநாள் நான் வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்ததும், மகள் ஜன்னலோரக் கதிரையில் ஏறி நின்று வீதியைப் பார்த்தாள்.

“இறங்கு பிள்ளை, விழப்போறாய்.”

“நான் சென்றி. நீங்கள் பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

சென்றிக்கு முன்னால் மறுபடி தலை குனிந்தேன். இந்த முறை சோற்றைப் பிசைய.